தனி ஆளாக ஏசி சர்வீஸ் செய்பவர் கூட்டாட்களைச் சேர்ப்பது எப்படி

எனக்குக் கடை கிடையாது, சம்பளத்துக்கு ஆளும் கிடையாது. ஒரு டூல் பை, ஏசி பைப்பில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு வாக்குவம் பம்ப், ஒரு போன், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு வரும் ஏசி வேலைகளில் பாதிக்கு மேல் மற்ற வேலைக்காரர்கள் சொல்லி வருபவை. நோட்டீஸ் அடித்துப் பார்த்தேன், காசுதான் போனது.

நாம் போகும் வீட்டுக்கு நமக்கு முன்னாலும் பின்னாலும் யார் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியன், தண்ணீர்க் குழாய்க்கு பிளம்பர், சுவரைப் பூச பெயிண்டர், அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். ஆரம்பத்துக்கு இந்த நாலு பேர் போதும்.

அவர்களிடம் வேலை கேட்காதீர்கள். முதலில் நீங்கள் கொடுங்கள். ஒரு வீட்டில் ஏசி போட்டால் எம்சிபி (லோடு கூடினால் கரண்டைத் தானே நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறது என்று கூப்பிட்டார்கள். ஏசி மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் கெப்பாசிட்டர் நன்றாகத்தான் இருந்தது. பிளக் பாயின்ட்டைக் கழற்றினால் உள்ளே கருகிக் கிடக்கிறது. ஒன்றரை டன் ஏசியும் 2 கிலோவாட் கீஸரும் ஒரே மெல்லிய வயரில் ஓடிக்கொண்டிருந்தன. நானே வயர் இழுத்திருக்கலாம். “யார் பார்த்த வேலை இது?” என்று வீட்டுக்காரர் முன்னால் கேட்டிருக்கவும் செய்யலாம். அதற்குப் பதில் வெளியே வந்து, அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியனுக்குப் போட்டோ அனுப்பினேன். “அண்ணே, ஏசிக்குத் தனி லைன் வேணும் போல. நீங்களே வந்து பாத்துடறீங்களா?” வந்து சரி செய்தார். அதன்பின் அவர் போகும் வீட்டில் ஏசி பேச்சு வந்தால் என் நம்பர்தான்.

புது ஆளை முதலில் சின்ன வேலையில் பாருங்கள், கூடவே நில்லுங்கள். பிளம்பர் ட்ரெயின் பைப் போட்டு முடித்ததும் இன்டோர் ட்ரேயில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவேன். தடையில்லாமல் வெளியே போனால் சரிவு சரி. ட்ரேயிலேயே நின்றால், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அடுத்த வேலை கிடையாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஆரம்பத்தில் வாடிக்கையாளர் அவரவருக்கு நேரடியாகக் கொடுக்கட்டும். மொத்த வேலையும் உங்கள் பெயரில் எடுத்தால், கூட வேலை செய்பவருக்கு மூன்று விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்: என்ன வேலை, எவ்வளவு கூலி, கோளாறு வந்தால் எத்தனை நாளுக்குள் இலவசமாக வந்து பார்ப்பார். அப்புறம் வேலை முடிந்த அன்றே அவர் கூலியைக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு வராவிட்டாலும். “பார்ட்டி இன்னும் தரல” என்று ஒரு பிளம்பரை மூன்று வாரம் இழுத்தேன். சரியாக வெயில் காலத்தில், வேலை குவிந்து கிடக்கும்போது அவர் என் போனை எடுக்கவில்லை. தப்பு என் பேரில்தான்.

கமிஷன் நான் வாங்குவதில்லை. அது எப்படியும் பில்லில்தான் ஏறும், ஒருநாள் வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும். வாங்குவதாக இருந்தால் மறைக்காமல் வாங்குங்கள்.

கஷ்டமானது இன்னொரு ஏசி மெக்கானிக்கைச் சேர்ப்பதுதான். கையில் அடங்காத வேலையை அவருக்குத்தான் தர வேண்டும், வாடிக்கையாளரைக் கொண்டுபோய்விடுவாரோ என்ற பயமும் இருக்கும். வாடிக்கையாளர் சிலர் அப்படிப் போகத்தான் செய்தார்கள், அதற்காகச் சண்டை போட முடியாது. நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான்: புதிதாக மாட்டும் ஏசியில் கேஸ் வால்வைத் திறக்கும் முன் அரை மணி நேரமாவது வாக்குவம் பம்ப் ஓட்ட வேண்டும், அழுத்தம் காட்டும் கேஜின் போட்டோ எனக்கு வர வேண்டும். பைப்பில் காற்றும் ஈரமும் தங்கினால் பின்னால் கம்ப்ரசருக்குத்தான் கேடு, திட்டு எனக்கு.

மறுநாள் அந்த வீட்டுக்கு நானே போன் செய்வேன். கூலிங் எப்படி, தண்ணீர் சொட்டுகிறதா, வந்தவர் ஓட்டை போட்ட தூசியைக் கூட்டிவிட்டுப் போனாரா என்று கேட்பேன். பாதிப் பேர் தூசியைப் பற்றித்தான் பேசுவார்கள்.