காரண வாதத்தை வலுவிழக்கச் செய்யும் தெரிவைக் கண்டறிவது எப்படி?

2024 ஆகஸ்ட் முதல், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சாட் (LSAT) தேர்வில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு தருக்கப் பகுதிகளாகிவிட்டதால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது போன்ற வாதத்தை வலுவிழக்கச் செய்யும் விடைத் தெரிவைக் கேட்கும் வினாக்களில் தேர்ச்சி பெறுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் (GMAT) தேர்விலும் இவ்வகை வினாக்கள் உண்டு.

வினாவில் உள்ள பத்தியை வாசித்ததும் அது நிறுவ முயலும் முடிவைக் கண்டுபிடித்து, எது காரணம், எது விளைவு என்று அம்புக்குறியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தில் பயிற்சி வகுப்புக்குச் சென்ற விற்பனையாளர்கள், செல்லாதவர்களைவிட அவ்வாண்டு அதிகம் விற்றார்கள். ஆகவே பயிற்சியே அவர்களுடைய விற்பனையைக் கூட்டியது என்பது வாதம் எனக் கொள்வோம். இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இருந்தது என்ற தகவலை மறுக்க வேண்டியதில்லை. அதை ஏற்றுக்கொண்டு, அதற்குப் பயிற்சிதான் காரணமா என்ற இடத்தில்தான் ஐயத்தை எழுப்ப வேண்டும்.

பயிற்சிக்குச் சென்றவர்கள் முந்தைய ஆண்டிலும் இதே அளவு முன்னிலையில் இருந்தார்கள் என்று ஒரு தெரிவு சொன்னால், காரணம் வருவதற்கு முன்பே விளைவு இருந்ததாகிறது. நன்றாக விற்றவர்களுக்கே ஆண்டின் இறுதியில் பயிற்சியில் இடம் தரப்பட்டது என்றால் அம்புக்குறியே திரும்பிவிடுகிறது. அதிக வாடிக்கையாளர்கள் உள்ள பகுதிகளில் பணிபுரிந்தவர்களே பயிற்சிக்குச் சென்றார்கள் என்பது மூன்றாவதொரு காரணத்தைக் காட்டுகிறது.

பலர் தடுக்கி விழுவது இந்த மூன்றாவது வகையில்தான். அவ்வாண்டு நிறுவனம் விளம்பரத்தை அதிகரித்தது என்ற தெரிவு மாற்றுக் காரணம் போலத் தோன்றினாலும், விளம்பரத்தின் பயன் இரு குழுக்களுக்கும் ஒரே அளவில் கிடைத்திருக்குமானால், ஒரு குழு மட்டும் ஏன் முந்தியது என்பதை அது விளக்காது. மாற்றுக் காரணம் ஒரு குழுவைத் தொட்டு மற்றொன்றை விட்டிருக்க வேண்டும்; இந்த ஒரு சோதனையே பெரும்பாலான பொறிகளைக் களைந்துவிடும் என்பது என் கருத்து.

பயிற்சி பெற்ற ஒருவர் குறைவாக விற்றார் என்பது போன்ற தனி நிகழ்வு, பொதுவான ஒப்பீட்டை அசைப்பது அரிது. முடிவின் அழுத்தத்தையும் கவனியுங்கள்: பயிற்சி ஒரு காரணம் என்று மட்டும் சொல்லும் வாதத்தை, வேறு காரணமும் உண்டு என்ற தெரிவு பெரிதாகப் பாதிப்பதில்லை, பயிற்சி மட்டுமே காரணம் என்றால் அதே தெரிவு கடுமையாகத் தாக்கும். தெரிவுகளை உண்மையென ஏற்கும்படி வினாவே சொல்வதால், அவற்றின் நம்பகத்தன்மையை ஆராய்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சரியான விடை வாதத்தை முழுதும் தகர்க்க வேண்டியதுமில்லை. முடிவை ஏற்கச் சற்றே தயங்க வைத்தால் போதும்.