மனச்சோர்வு உள்ளவர் வீட்டுக்குப் போகும் சமூகப் பணியாளருக்கு

'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால், 'இருக்கேன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் கலையுது? காலையில என்ன சாப்பிட்டீங்க?' என்று கேளுங்கள். 3 மணிக்கே விழித்துக் கிடப்பதும், நேற்று வடித்த சோறு அப்படியே இருப்பதும் அப்போதுதான் வெளியே வரும். 'மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க' மட்டும் வேண்டாம். அதை ஊரே சொல்லி முடித்திருக்கும்.

மருந்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டலும் வாய் உலர்வதும் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் மாத்திரை அட்டை பாதியோடு கிடக்கும். அதனால் முதல் வாரமே ஒரு போன் போடுங்கள். நிறுத்துவதானாலும் டாக்டரைக் கேட்டுத்தான் என்று வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

அப்புறம், 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகளை வீட்டாரைக்கொண்டு அப்புறப்படுத்திவிட்டு, அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். நடுராத்திரியில் அழைக்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எண்ணைச் சொல்லிவிட்டு வராமல், அவர் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.