கிளப்பை வாங்க வருபவரிடம் நாம் கேட்காமல் விடும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் 1997 என்று சொல்லிப் பாருங்கள், மானிங் ரேஞ்சர்ஸ் என்று பதில் வரும். 1928-ல் டர்பனில் பிறந்த நம்ம கால்பந்து கிளப். புதிதாகத் தொடங்கிய பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பட்டத்தை, கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரட்ஸ் என்ற பெரிய கிளப்புகளையே பின்னால் விட்டுவிட்டு வென்றது. பயிற்சியாளர் கார்டன் இகிசண்ட். அந்த இரவு எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அந்தக் கிளப் பண நெருக்கடியில் விற்கப்பட்டது. வாங்கியது ஃபிடென்ஷியா என்ற கேப் டவுன் நிதி நிறுவனம். 2007 பிப்ரவரியில் அந்த நிறுவனமே நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. சுரங்கத் தொழிலாளர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பணத்தை நிர்வகித்த நிறுவனம் அது. அதன் தலைவருக்கு 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 15 ஆண்டு சிறை விதித்தது. எங்கள் கிளப்பை வாங்க வந்தவர்களிடம் பணம் எங்கிருந்து வருகிறது என்று அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. விற்காமல் தப்பித்திருக்க முடியுமா என்பது வேறு விஷயம். கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

ஒரு சின்ன கிளப்புக்குப் பதினாறு வருடமாக நான் பொருளாளர். சனிக்கிழமை காலையில் பிரியாணி வாளி விற்று நடுவர் கட்டணம் கட்டும் கிளப். டர்பனிலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இப்படிக் கிளப் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரிய கிளப்புகள் விழுந்ததும் இதே குழிகளில்தான்.

பெயர், நிறம், மைதானம் மூன்றும் சேர்ந்ததுதான் கிளப் என்று நம்புவது முதல் தவறு. சட்டப்படி நம் நாட்டு லீக்கில் விலை போவது அந்த லீக்கில் இருக்கும் இடம். ‘ஸ்டேட்டஸ்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதை விற்றுவிட்டால் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், ரசிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் கிளப்பைப் பாருங்கள். 1921-ல் தொடங்கியது, 2017-ல் லீக் பட்டம், 2020-ல் விற்பனை. வாங்கியவர்கள் நாட்டின் வடக்கே வெண்டாவைச் சேர்ந்த டி.டி.எம். சில மாதங்களிலேயே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தட்டுப்பட்டு, 2021-ன் தொடக்கத்தில் கிளப் மறுபடி கைமாறியது. அந்த மே மாதமே நெட்பேங்க் கோப்பையை வென்றது. கோப்பையை வென்ற பெயர்கூட அடுத்த பருவத்தில் இல்லை, மரூமோ கேலண்ட்ஸ் என்று மாறிவிட்டது. 2023-ல் கேலண்ட்ஸ் ஆப்பிரிக்கப் போட்டி ஒன்றின் அரையிறுதி வரை போய், அதே பருவத்தில் உள்ளூர் லீக்கில் கீழே இறங்கியது. மேலே திரும்பி வர என்ன செய்தார்கள்? 2024-ல் மொரோக்கா ஸ்வாலோஸின் இடத்தை வாங்கினார்கள். ஸ்வாலோஸ் 1947-ல் சொவெட்டோவில் பிறந்த கிளப். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை கைதட்டி வளர்த்தது ஒரே கையெழுத்தில் போனது.

புளூம்ஃபொன்டைனின் செல்டிக் 2021-ல் ராயல் ஏ.எம். ஆனது நம் குவாசுலு-நட்டாலுக்கு வந்த கதை. நம் பக்கத்துக்கு ஒரு டீம் கிடைத்தது என்று இங்கே சிலர் சந்தோஷப்பட்டார்கள். மானிங் ரேஞ்சர்ஸ் கேப் டவுனுக்குப் போனபோது நமக்கு வலித்த அதே வலி அங்கே இருந்தவர்களுக்கு. அதை நாம் மறந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

சின்ன கிளப்புக்கு இதில் என்ன பாடம்? உங்கள் பதிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். உள்ளூர் சங்கத்தில் கிளப் யார் பெயரில் இருக்கிறது? தனியொருவர் பெயரில் இருந்தால் அது அவருடைய சொத்து மாதிரிதான் நடத்தப்படும். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கூடி வாக்களிக்காமல் இடத்தையோ பெயரையோ மாற்ற முடியாது என்று விதியில் எழுதுங்கள். கோயில் கமிட்டியில் ஒரு மணி வாங்கவே கூட்டம் போடுகிறவர்கள் நாம்.

ராயல் ஏ.எம்.மின் முடிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உரிமையாளரின் வரிப் பாக்கிக்காக, வருவாய்த் துறையான சார்ஸ் அவருடைய சொத்துகளைக் கைப்பற்றியது. கிளப்பும் அதில் அடக்கம். ஒரு ஆட்டக்காரரின் பாக்கிக்காக ஃபிஃபா தடை விதித்தது வேறு. 2025 ஏப்ரலில் லீக் அந்தக் கிளப்பை வெளியேற்றிவிட்டது. உரிமையாளரின் வீட்டுக் கடன் கிளப்பின் வாசலுக்கும் வரும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. வருகிறவர் என்ன கார் ஓட்டுகிறார் என்றுதான் பார்க்கிறோம்.

அடுத்த தவறு, வந்த பணம் என்ன வகைப் பணம் என்று கேட்காமல் வாங்கிக்கொள்வது. நன்கொடை திரும்பப் போகாது. பங்குக்குப் போட்ட பணம் கிளப் விழுந்தால் கூடவே விழும். கடன் மட்டும் காத்திருந்து திரும்பி வரும். லண்டனின் செல்சீக்கு அதன் உரிமையாளர் அப்ராமோவிச் கொட்டியதெல்லாம் பரிசு என்றே பல வருடம் பேசிக்கொண்டோம். 2022-ல் அவர் விற்கப் போனபோதுதான் அதில் 150 கோடி பவுண்டு கடனாகக் கணக்கில் நிற்பது எல்லோர் காதிலும் விழுந்தது. திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. மான்செஸ்டர் யுனைடெட் கதை இதைவிடக் கொடுமை. 2005-ல் கிளேசர் குடும்பம் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது, வாங்குவதற்கென்று எடுத்த கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றினார்கள். அதுவரை கடனில்லாத கிளப் அது. நம் வீடுகளில் பாதி யுனைடெட், பாதி லிவர்பூல். ஆனாலும் இதை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

எங்கள் கிளப்பிலேயே நடந்தது. ஒரு வியாபாரி வந்து சட்டை வாங்கித் தந்தார், அப்புறம் வேன் வாடகை, அப்புறம் பூட்ஸ். அண்ணா, அண்ணா என்று எல்லோரும் சுற்றி நின்றோம். மூன்றாம் வருடம் தன் தம்பி மகனை அணியில் சேர்க்கச் சொன்னார். பயிற்சியாளர் மறுத்ததும் பில்களையெல்லாம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எழுத்தில் எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. பதினான்கு மாதம் பிரியாணி விற்று அடைத்தோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்கள் ஆற்றில் போட்டது யார், எவ்வளவு என்றே நாங்கள் எழுதி வைக்கவில்லை.

நாளைய பணத்தை இன்றே செலவழிப்பதும் நிறைய இடங்களில் நடக்கிறது. லீட்ஸ் யுனைடெட் 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடியது. அந்த வருமானம் வருடாவருடம் வரும் என்று நம்பி, வரப்போகும் டிக்கெட் பணத்தைக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. 2004-ல் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கை விட்டே இறங்கியது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை 2011-ல் ஒருவர் 1 பவுண்டுக்கு வாங்கினார். கிளப்பின் வங்கிக் கடனை அடைக்க, வரும் ஆண்டுகளின் சீசன் டிக்கெட் பணத்தையே முன்கூட்டி விற்றார். அடுத்த பிப்ரவரியில் கிளப் திவால் நடவடிக்கைக்குப் போய், பிறகு நான்காம் டிவிஷனில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. இங்கிலாந்தின் பரி கிளப்பும் 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்குத்தான் போனது, 2019 ஆகஸ்டில் லீக்கை விட்டே நீக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது விலை அல்ல. விலை, கூடவே வாங்கும் கடன்.

வரி விஷயத்தில் சின்ன கிளப்புகள் ஏமாறுவது எளிது. ஆட்டக்காரருக்கோ பயிற்சியாளருக்கோ சம்பளம் தந்தால், பிடித்தம் செய்த வருமான வரி உங்கள் பணம் அல்ல. அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சார்ஸுக்குப் போக வேண்டும். இந்த மாதம் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம், அடுத்த மாதம் கட்டிவிடலாம் என்று தொடங்குகிற கிளப் நிற்பதில்லை. நான் பார்த்த வரையில், வங்கியைவிட வரித் துறைதான் முதலில் கதவைத் தட்டுகிறது.

சம்பளத்தைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். 2023 டிசம்பரில் ஸ்வாலோஸ் ஆட்டக்காரர்கள் சம்பளப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு அணி வரவே இல்லை. அப்புறம் 22 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. ‘கிளப் மேல் பாசம் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்’ என்று கமிட்டியில் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

எங்கள் கிளப்பில் இப்போது காசோலையில் இரண்டு கையெழுத்து, இரண்டும் வேறு வேறு குடும்பத்தவருடையவை. பணம் தர வருபவரிடம் ஒரு பக்கத் தாளைக் கொடுக்கிறோம். நன்கொடையா, கடனா, விளம்பரத்துக்கா என்று அவரே குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். இந்தப் பருவத்துச் சட்டையைப் பிரியாணிப் பணத்தில்தான் வாங்கினோம், பின்பக்கம் யார் பெயரும் இல்லை.