லாங்ஆர்ம் தையலுக்குக் குயில்ட்டைக் கொடுக்கும் முன் கூலியைக் கணக்கிடுவது எப்படி?

குயில்ட் என்பது மேல்துணி, பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை; லாங்ஆர்ம் என்பது அவற்றைப் பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டி, தையல் தலையை அவற்றின்மேல் நகர்த்தித் தைக்கும் இயந்திரம். மாதக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டி இணைத்த மேல்துணியைப் பஞ்சு அடுக்கோடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைத்துத் தரும்படி லாங்ஆர்ம் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுக்கப் போகும் எவரும் முதலில் கேட்பது, "ஒரு குயில்ட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடைக்காது. இத்தொழிலில் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில் அல்லாமல் சதுர அங்குலக் கணக்கில்தான் பேசப்படுகிறது. ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன்பாக டேப்பை எடுத்து மேல்துணியை அளந்துவிடுவது நல்லது.

அகலத்தை நீளத்தால் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள மேல்துணியின் பரப்பு 4,800 சதுர அங்குலம். தையல்காரர் சொல்லும் சதுர அங்குல விலையை இதனால் பெருக்கினால் தையலுக்கான அடிப்படைக் கூலி தெரியும். இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. "சுற்றிலும் ஒரு 4 அங்குலப் பார்டர் வைத்தால் எடுப்பாக இருக்கும்" என்று கடைசி நேரத்தில் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பார்டரால் அளவு 68-க்கு 88 ஆகி, பரப்பு 5,984 சதுர அங்குலமாகிவிடுகிறது. அதாவது, கூலி ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடுகிறது. பார்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தைப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்கிறேன். மாறாக, தொட்டில் குழந்தைக்கான சிறிய குயில்ட் என்றால் பரப்புக் கணக்கில் வரும் தொகை மிகக் குறைவாக இருந்தாலும், பலர் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றை நிர்ணயித்திருப்பார்கள். துணியைச் சட்டத்தில் ஏற்றி இறக்கும் உழைப்பு சிறியதற்கும் உண்டு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

பரப்புக்கு அடுத்தபடியாகக் கூலியைத் தீர்மானிப்பது தையல் வடிவம். ஒரே வடிவம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை வரிசை வரிசையாக ஓடுவதுதான் மிகவும் மலிவானது. கணினி வழிநடத்தும் இயந்திரத்தில் இது விரைவாகவும் முடியும். பார்டருக்கு ஒரு வடிவம், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி வடிவம், ஒட்டுவேலைப் பூக்களின் விளிம்பை ஒட்டியே ஓடும் தையல் என்று போனால், கூலி இரண்டு மூன்று மடங்காகவும், சில வேளை அதற்கு மேலாகவும் உயரும். நெருக்கமும் விலையைக் கூட்டும்; தையல் நெருங்க நெருங்க நூலும் நேரமும் கூடுதலாகச் செலவாவதோடு, போர்வையும் விறைப்பாகிவிடும். தினமும் போர்த்தித் துவைக்கப்படும் குயில்ட்டுக்கு விளிம்புக்கு விளிம்பு ஓடும் தையலே போதும் என்பது என் உறுதியான கருத்து. சுவரில் தொங்கவிடவோ தலைமுறைக்கு வைத்திருக்கவோ செய்யும் குயில்ட்டுக்குத் தனி வடிவத்துக்கான செலவு தகும்.

பட்டியலில் இவற்றுக்குக் கீழே சிறு சிறு தொகைகள் வரும். நூல், பஞ்சு அடுக்கு, அடித்துணியை இணைத்துத் தருதல், இஸ்திரி போடுதல், தைத்த பின் ஓரம் வெட்டுதல், அவசரக் கூலி, அனுப்பும் செலவு ஆகியவற்றில் எது சேர்ந்தது, எது தனி என்பதை முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓரப்பட்டைக்கான (தைத்து முடித்த குயில்ட்டின் விளிம்பை மூடித் தைக்கும் பட்டை) கூலி மட்டும் பரப்பால் அல்லாமல் சுற்றளவால் கணக்கிடப்படுவது வழக்கம்; 60-க்கு 80 குயில்ட்டுக்கு அது 280 அங்குலம். கையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே தைத்துக்கொண்டால் நல்ல தொகை மிச்சமாகும்.

உண்மையில் நம் கையில் அதிகம் இருப்பது துணியைத் தயார் செய்து கொடுப்பதுதான். அடித்துணியும் மேல்துணியும் தனித்தனி உருளைகளில் இழுத்துக் கட்டப்படுவதால், மூன்று அடுக்குகளையும் குண்டூசி குத்தி இணைத்துக் கொண்டுபோகக் கூடாது. அடித்துணியும் பஞ்சு அடுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் மேல்துணியைவிட ஏறத்தாழ 4 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சட்டத்தின் பிடிகளில் மாட்டவும் இழுவிசையைச் சரிபார்க்கவும் அந்த மிகுதித் துணி தேவைப்படுகிறது. அடித்துணியின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இணைப்பு போட்ட அடித்துணியானால், இணைக்கும் இடத்தில் உள்ள கரையை (நெசவில் வரும் கெட்டியான ஓரத்தை) வெட்டிவிட்டுத் தையலை விரித்து இஸ்திரி போடுவது அவசியம். நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்பை அடித்துணியாக்கினால் ஊசி தடுமாறித் தையல் விட்டுப்போகலாம்.

பார்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீளமான பட்டையை அப்படியே ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதை இறுதியில் வெட்டிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்த மேல்துணியின் நடுப்பகுதி 80 அங்குலமும் ஓரம் 82 அங்குலமுமாக வந்துவிடும். மேசையில் விரித்தால் இலேசான அலையாகத் தெரியும் அந்த 2 அங்குலம், சட்டத்தில் ஏறியதும் போக இடமின்றித் தையலுக்கு அடியில் மடிந்து கொசுவமாக உட்கார்ந்துவிடும். தையல்காரர் அதைச் சமாளிக்கக் கூடுதல் கூலி கேட்கலாம், அல்லது துணியையே திருப்பிக் கொடுத்துவிடலாம். மேல்துணியின் நடுவில் அளந்து, அந்த அளவுக்கே பட்டையை வெட்டி, இரு முனைகளையும் நடுவையும் முதலில் குண்டூசியால் நிறுத்திவிட்டுத் தைத்தால் இந்தத் தொல்லை வராது. வெளிர் நிறத் துணிக்கு அடியில் கருநூல் பிசிறு தெரிந்தால் அதையும் அப்போதே வெட்டிவிடுங்கள். தைத்த பிறகு அதை எடுக்க வழியில்லை.

முழுச் செலவும் கைக்கு மீறுகிறது என்றால், மூன்று அடுக்குகளையும் அகலமான ஓட்டுத்தையலால் இணைத்து மட்டும் தரும்படி கேட்கலாம். தரையில் மண்டியிட்டுக் குண்டூசி குத்தும் வேலை அதில் மிச்சமாகும். மீதியை வீட்டு இயந்திரத்திலோ கையாலோ பொறுமையாகத் தைத்துக்கொள்ளலாம். எந்த வகையைத் தேர்ந்தாலும், மேல்துணிக்கும் அடித்துணிக்கும் எது தலைப்பக்கம் என்று ஒரு சிறு சீட்டில் எழுதிக் குத்திவிட்டே கொடுங்கள்.