மெஷ் நெட்வொர்க்கில் அண்டை ரூட்டர் சொல்லும் வழியை எவ்வளவு நம்பலாம்?

அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர்களே ஒன்றோடொன்று இணைந்து தரவைக் கடத்தும் மெஷ் நெட்வொர்க்கில் தலைமை ரூட்டர் என்று எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் உங்கள் ரூட்டர் வழியைத் தேர்ந்தெடுக்கும். அவை தப்பாகச் சொன்னால்? ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் பேபல் நெறிமுறையை வைத்துப் பார்ப்போம். லினக்ஸில் அதை இயக்கும் நிரலின் பெயர் பேபல்டி.

1. அளந்ததையும் கேட்டதையும் பிரியுங்கள்

'நான் இருக்கிறேன்' என்று அண்டை ரூட்டர் அவ்வப்போது அனுப்பும் ஹலோ செய்திகள் எத்தனை வந்து சேர்ந்தன என்பதை உங்கள் ரூட்டரே எண்ணுகிறது. எதிர்த்திசைக் கணக்கை அண்டை ரூட்டர் சொல்லும். இரண்டையும் சேர்த்து இணைப்புச் செலவு என்ற எண் வரும், அது குறைவாக இருந்தால் நல்லது. பழுதில்லாத வைஃபை இணைப்புக்கு வழக்கமாக 256. அதற்கு அப்பால் உள்ள தூரம் முழுக்கக் கேள்வி ஞானம்தான்.

இன்டர்நெட்டுக்கு 'அ' என்ற ரூட்டர் 300 செலவு என்கிறது. இணைப்புக்கு 256, ஆக மொத்தம் 556. 'ஆ' வெறும் 0 என்கிறது. அதன் இணைப்பு சுமார்தான், 400. மொத்தமும் 400 என்பதால் 'ஆ'தான் ஜெயிக்கும். அந்த 0 பொய்யென்றால் உங்கள் பாக்கெட்டுகள் அங்கே போய்த் தொலையும். வழிகள் வட்டமடிக்காமல் இருக்க பேபலில் ஒரு நிபந்தனை உண்டு, ஆனால் இந்தப் பொய்யை அது பிடிக்காது.

இதற்குக் கெட்ட எண்ணம்கூட வேண்டாம். ஒரு வீட்டில் பிராட்பேண்ட் அறுந்த பிறகும் ரூட்டர் பழைய வழியையே அறிவித்துக்கொண்டிருந்தால் போதும்.

2. எல்லா ரூட்டர்களுக்கும் ஒரே ரகசியச் சாவி போடுங்கள்

2021-இல் வெளியான ஆர்எஃப்சி 8967 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்கான முறையைச் சொல்கிறது. சாவி இல்லாத ரூட்டரின் செய்தி ஏற்கப்படாது. சாவி வைத்திருப்பவர் தவறாகச் சொன்னால் அதை இது தடுக்காது.

3. வடிகட்டி எழுதுங்கள்

என் பார்வையில் இதுதான் உயிர்நாடி. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் பேபல்டி வருகிற எல்லா அறிவிப்பையும் ஏற்கும். அதனால் அமைப்புக் கோப்பில் உள்வரும் அறிவிப்புகளுக்கு மூன்று விதிகள் சேருங்கள். உங்கள் மெஷ்ஷின் முகவரித் தொகுதிக்கு அனுமதி. இன்டர்நெட் வழிக்கு, உங்களுக்குத் தெரிந்த அண்டை ரூட்டரிடமிருந்து வந்தால் மட்டும் அனுமதி. கடைசியாக, மற்ற எல்லாவற்றுக்கும் மறுப்பு. முதலில் பொருந்தும் விதியே செல்லும் என்பதால் வரிசை முக்கியம்.

'ஆ'வை முழுக்க ஒதுக்க மனமில்லையா? அதன் அறிவிப்புக்கு 600 கூட்டச் சொல்லுங்கள். மொத்தம் 1000 ஆகிவிடும், 'அ' இருக்கும்வரை அது பின்னால் நிற்கும்.

சரி, பேபல்டியை மறுபடி தொடங்குங்கள்.

4. சோதியுங்கள்

வெளியே உள்ள ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் 'ஆ' வழியாகக் கையால் வழி போட்டு, பதில் வருகிறதா என்று பிங் கட்டளையால் பாருங்கள். பதில் வராவிட்டால், 'ஆ' வைத்திருப்பவரிடம் மோடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் அந்த வழியை நீக்கிவிடுங்கள்.