கடலோர வீட்டுக்குக் கூரைத் தகடு வாங்கும்போது

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில், குறிப்பாகக் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில், கூரைத் தகட்டை மழையைவிட உப்புக்காற்றே விரைவாக அரித்துவிடுகிறது. ஆகவே வெறும் துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைத் தவிர்த்து, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சின் மேல் வண்ணம் ஏற்றிய தகட்டையே வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு உள்ளதா என்று கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கிய மாவட்டம் இது என்பதால், தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். காற்று கூரையின் ஓரங்களையும் மூலைகளையும்தான் முதலில் தூக்கும்; அங்கே ரப்பர் வாஷருடன் கூடிய திருகாணிகளை நெருக்கமாக, தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்லாமல் மேட்டில் முடுக்கச் சொல்லுங்கள். துளையிடும்போது சிதறும் இரும்புத்தூளை அன்று மாலையே துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். நனைந்தால் அது துருவேறி, பழுப்புப் புள்ளிகளாகத் தகட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

மழை படாத தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில் உப்பு படிந்துகொண்டே இருக்கும் ஆகையால், அவ்விடத்தை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவி வாருங்கள்.