கடலில் தூண்டில் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காகக் கடலில் மீன்பிடிப்போருக்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அவற்றின் அடித்தளம் ஒன்றுதான். குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த மீன், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் கிடைத்த மீன், பாதுகாக்கப்பட்ட இனத்து மீன், தடைக்காலத்தில் அகப்பட்ட மீன் ஆகியவற்றைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதே அது. விடப்பட்ட மீன் பிழைத்து, வளர்ந்து, முட்டையிடும் என்ற நம்பிக்கையின் மீதுதான் இந்த விதிகள் அனைத்தும் நிற்கின்றன. கையில் இருக்கும்போதே குற்றுயிராகி, நீருக்குள் போனபின் அந்த மீன் இறந்துவிட்டால், விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தும் கடலுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே சட்டத்தை மீறிச் செய்யும் தவறுகளோடு, சட்டத்துக்கு உட்பட்டே செய்யப்படும் கேடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டாம் வகைதான் மிகுதி என்பது என் உறுதியான கருத்து.

பழைய விதியை நம்புவதும், அளவைக் கண்ணால் மதிப்பதும்

மீன்பிடி விதிகள் மீன்வளத்தின் நிலையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பவை. ஐரோப்பாவின் வடபகுதிக் கடல்களில் சீபாஸ் மீனுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015-இல் அங்கே ஒருவர் ஒரு நாளில் 3 மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் குறைந்தபட்ச நீளம் 36 சென்டிமீட்டரிலிருந்து 42 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. 2016-இன் முதல் ஆறு மாதங்களில் ஒரு மீனைக்கூட வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. பிந்தைய ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு 1 மீன் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. சென்ற பருவத்தில் படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு கடலுக்குச் சென்றவர், தமக்குத் தெரியாமலேயே குற்றவாளியாகியிருப்பார். அந்தந்தக் கடற்பகுதியின் மீன்வளத் துறை வெளியிடும் அறிவிப்பை ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். உரிமம் தேவையா, எந்த எல்லைக்குள் மீன்பிடிக்கத் தடை உள்ளது, எத்தனை தூண்டில் போடலாம் என்பனவும் பெரும்பாலும் அதே அறிவிப்பில் இருக்கும்.

அளவு எடுப்பதில் நேரும் பிழை இன்னும் பரவலானது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளப்பது ஒரு முறை. மூக்கு நுனியிலிருந்து வாலின் பிளவு வரை அளப்பது வேறொரு முறை. எந்த இனத்துக்கு எந்த முறை என்பதையும், வாலை விரித்தபடி அளப்பதா குவித்துப் பிடித்து அளப்பதா என்பதையும் விதியே சொல்லும். சூரை போன்ற ஆழப் பிளந்த வாலுடைய மீனில் இவ்விரு முறைகளுக்கும் இடையே பல சென்டிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். நீரில் நனைத்த, வழுவழுப்பான அளவுப் பலகையின் மேல் மீனைக் கிடத்தி அளப்பதே முறை. விரல்களை விரித்துச் சாண் கணக்கில் அளப்பது முறையாகாது. ஐயம் எழும் அளவுக்கு மீன் எல்லைக் கோட்டருகே இருந்தால், அதை விட்டுவிடுவதே நேர்மை.

சிறிய மீனை விட்டால் போதும், பெரியதை வைத்துக்கொள்வதில் தவறில்லை என்ற எண்ணமும் ஆராயத் தக்கது. பல இனங்களில் பெண் மீன் பெரிதாகப் பெரிதாக அதன் முட்டைகளின் எண்ணிக்கை எடையை விடவும் வேகமாகக் கூடுகிறது. அதாவது இரண்டு கிலோ எடையுள்ள ஒரு மீன், ஒரு கிலோ எடையுள்ள இரண்டு மீன்கள் சேர்ந்து இடுவதை விடக் கூடுதலாக முட்டையிடக்கூடும். கொடுவா மீன் ஆணாகத் தொடங்கி, வளர்ந்து பெரிதான பின்னரே பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவாக்களை மட்டுமே பொறுக்கி எடுப்பது முட்டையிடும் பெண்களை மட்டும் அழிப்பதாகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிழக்குக் கரைக் கொடுவாவுக்கு 58 சென்டிமீட்டர் என்ற கீழ் எல்லையோடு 120 சென்டிமீட்டர் என்ற மேல் எல்லையும் வைத்திருப்பது இதனால்தான். களவா இனங்கள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது: அவை பெண்ணாக இருந்து ஆணாக மாறுபவை, பெரியவற்றை எடுத்தால் ஆண்கள் அருகிப்போகும். மேல் எல்லை விதிக்கப்படாத இடங்களிலும், மிகப் பெரிய மீனைத் தாமாகவே திரும்ப விடுபவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

வரம்பை இலக்காகக் கொள்வது

நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற வரம்பு அதற்கு மேல் போகக் கூடாது என்பதற்கானதே தவிர, அத்தனையையும் எட்டியாக வேண்டும் என்பதற்கானதன்று. தேவைக்கு மேல் பிடிப்பதை விடவும் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. முதலில் கிடைத்த சிறிய மீன்களை வாளியிலோ பனிப்பெட்டியிலோ வைத்திருந்து, பிறகு பெரியவை கிடைத்ததும் சிறியவற்றைக் கடலில் எறிவது எண்ணிக்கைக் கணக்கைச் சரியாகக் காட்டும். ஆனால் எறியப்பட்டவை அநேகமாகப் பிழைப்பதில்லை. வைப்பதா விடுவதா என்பதை மீன் தூண்டிலில் இருந்து கழன்ற அந்தக் கணத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒருவருடைய பங்கை மற்றொருவர் பெயரில் எழுதிக்கொள்வதும், மீன்பிடிக்காமல் உடன் வந்திருப்பவரையும் கணக்கில் சேர்ப்பதும் பல இடங்களில் குற்றம். கடலிலேயே மீனைத் துண்டு போட்டுவிட்டால் இனத்தையும் நீளத்தையும் அதிகாரிகள் சரிபார்க்க முடியாது என்பதால், கரை சேரும் வரை மீனை முழுதாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் பரவலாக உள்ளது. பிடித்ததை விற்பது வேறொரு எல்லை மீறல். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய கட்டுப்பாட்டு ஒழுங்குமுறையின்படி, பொழுதுபோக்காகப் பிடித்த மீனைச் சந்தைப்படுத்தவே கூடாது. மீன்பிடித் தொழிலையே நம்பி வாழ்பவரின் வாழ்வாதாரத்தையும் மீன்வளக் கணக்கெடுப்பையும் ஒருசேரக் காப்பதற்கு இத்தகைய தடை தேவைப்படுகிறது.

விட்டுவிட்டால் பிழைத்துவிடும் என்று எண்ணுவது

எல்லாத் தவறுகளிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். நீந்திப் போனதைக் கண்டோம் என்பதாலேயே மீன் பிழைத்தது என்று முடிவு கட்ட முடியாது; பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து இறக்கும் மீன்கள் உண்டு. விடப்படும் மீனின் தலைவிதி பெரும்பாலும் தூண்டில் போடுவதற்கு முன்பே, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனை நெடுநேரம் அலைக்கழித்தால் அதன் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து உடல் சோர்ந்துவிடும். அப்படிச் சோர்ந்த மீன் நீரில் விட்டதும் சுறாவுக்கோ வேறு வேட்டை மீனுக்கோ எளிதில் இரையாகும். எதிர்பார்க்கும் மீனுக்கு ஏற்ற வலுவுள்ள நரம்பும் கம்பும் வைத்துக்கொண்டு விரைவில் கரை சேர்ப்பது மீனுக்குச் செய்யும் முதல் உதவி.

தூண்டில் முள்ளின் வடிவம் அடுத்தது. சாதாரண முள்ளை இரையோடு விழுங்கிய மீனுக்குத் தொண்டையிலோ குடலிலோ முள் தைத்து உள்ளுறுப்புகள் கிழியும். முனை தண்டை நோக்கி உள்வளைந்திருக்கும் வட்டத் தூண்டிலோ, மீன் இரையோடு விலகிச் செல்லும்போது தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் மாட்டுகிறது. ஆனால் பழக்கத்தின் காரணமாக இழுப்பு தெரிந்ததும் கம்பை வெடுக்கென்று தூக்கிவிட்டால் அது வாயிலிருந்தே உருவிக்கொண்டு வந்துவிடும். நரம்பு இறுகும் வரை பொறுத்து, சீராகச் சுற்றினாலே போதும். முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முனையைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால் கழற்றுவது எளிது, காயமும் சிறியது. தன் கையிலோ பிறர் கையிலோ முள் தைத்துவிட்டவர்களுக்கும் இதன் அருமை தெரியும்.

முள் ஆழமாக விழுங்கப்பட்டிருந்தால் அதைத் தோண்டி எடுக்க முயல்வதுதான் பலரும் செய்யும் பிழை. வாயருகே நரம்பை வெட்டிவிட்டு முள்ளை உள்ளேயே விட்டுவிடும்போது மீன் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல இனங்களில் ஆய்வுகள் காட்டியுள்ளன. துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்த்து, உப்புநீரில் அரித்துப் போகக்கூடிய சாதாரண எஃகு முள்ளைப் பயன்படுத்துவது இந்த நிலைக்காகவே.

மீனின் மேல் படிந்திருக்கும் வழுவழுப்பான படலம் கிருமிகளிடமிருந்து அதைக் காக்கும் அரண். உலர்ந்த கை, துணி, வெயிலில் காய்ந்த படகுத் தளம், முடிச்சுள்ள முரட்டு வலை ஆகிய எதுவும் அந்தப் படலத்தை உரித்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, முடிச்சில்லாத ரப்பர் வலையில் ஏந்தி, முடிந்தால் நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும். செவுளுக்குள் விரலை விடக் கூடாது. கனமான மீனைத் தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடையும் முதுகெலும்பும் பாதிக்கப்படும். ஒரு கையை வயிற்றின் கீழ்க் கொடுத்துக் கிடைமட்டமாகவே ஏந்த வேண்டும். சுறாவை வாலைப் பிடித்துத் தூக்குவது மிகக் கெடுதல். உள்ளுறுப்புகளைத் தாங்க அதற்கு விலா எலும்புக்கூடு இல்லை. படம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவை ஆயத்தமாக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்க வேண்டும். ஓடிக் களைத்த மனிதனின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்கு ஒப்பானது, போராடிக் களைத்த மீனை நீருக்கு வெளியே நிறுத்திவைப்பது.

ஆழத்திலிருந்து வரும் மீனின் சிக்கல் தனியானது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல் இரு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. அங்கிருந்து விரைவாக மேலே கொண்டுவரப்படும் மீனின் உடலுக்குள், மிதக்க உதவும் காற்றுப்பையில் உள்ள வாயு அதே விகிதத்தில் விரிந்து, கண்களைப் பிதுக்கி, இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளும். பாறை மீன்களிலும் களவாவிலும் இதை அடிக்கடி காணலாம். காற்றுப்பையே இல்லாத வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. வாயில் தள்ளி நிற்பது காற்றுப்பை என்று தவறாக எண்ணி அதைக் குத்துகிறவர்கள் உண்மையில் இரைப்பையைக் கிழிக்கிறார்கள். வாயு விரிந்த நிலையிலேயே விட்டால் மீன் மேலே மிதந்துகொண்டு வெயிலுக்கும் பறவைக்கும் பலியாகும். எடை கட்டிய கவ்வியில் தாடையைப் பிடித்து, மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கும் கருவியே சிறந்த வழி. அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் பவளப்பார் மீன்களைப் பிடிக்கும் படகுகள் இக்கருவியையோ வாயுவை வெளியேற்றும் ஊசியையோ பயன்பாட்டுக்கு ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எனினும் நன்றாகக் கவனிக்க வேண்டியது இதுதான்: வைத்துக்கொள்ள வேண்டிய எண்ணிக்கை நிறைந்துவிட்டால் ஆழமான இடத்தை விட்டு விலகிவிட வேண்டும். அங்கேயே நின்று பிடித்துப் பிடித்து விடுவது விளையாட்டாகத் தோன்றினாலும், விடப்படுபவற்றில் கணிசமானவை இறந்துகொண்டிருக்கும்.

இரையும் குப்பையும்

உண்பதற்கென்று விற்கப்படும் உறைந்த இறாலை இரையாகப் பயன்படுத்துவது பார்வைக்குத் தீங்கற்றது. ஆனால் இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் வைரஸ் உறைநிலையிலும் அழியாது. வேறு கடலிலிருந்து வந்த இறாலோடு அது புதிய நீர்நிலைக்குள் நுழையக்கூடும். மனிதருக்கு அதனால் கெடுதி இல்லை. இறால், நண்டு இனங்களுக்கோ பேரழிவு. 2016-இல் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரை இறால் பண்ணைகளில் இந்நோய் பரவியபோது, அங்கிருந்த இறால்கள் அனைத்தையும் அழிக்க நேர்ந்தது. மீன்பிடிக்கும் அதே நீரில் கிடைத்த இரையோ, இரைக்கென்றே தயாரிக்கப்பட்டதோ மட்டுமே பாதுகாப்பானது. மிஞ்சிய உயிர் இரையையும் அதன் நீரையும் வேறு நீர்நிலையில் கொட்டக் கூடாது.

அறுந்த நரம்பு கடலில் எளிதில் மட்காது. கடற்பறவை, ஆமை, ஓங்கில் (டால்பின்) எதுவாயினும் காலிலோ துடுப்பிலோ சுற்றிக்கொண்டு மெல்ல இறுக்கும். கப்பல்களின் குப்பைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான மார்போலின் ஐந்தாம் இணைப்பு, செயற்கை நரம்பும் வலையும் உட்பட எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் எறிவதைத் தடை செய்கிறது. சிறு படகானாலும் அதற்கு விலக்கில்லை.

தன் உயிரை மறப்பது

பாறை முனைகளில் நின்று தூண்டில் போடுவது இப்பொழுதுபோக்கின் மிக ஆபத்தான வடிவங்களுள் ஒன்று. பல நிமிடங்கள் சிற்றலைகள் மட்டுமே வந்துகொண்டிருந்து, திடீரென ஒரு பெரிய அலைத்தொடர் வந்து ஆளை அடித்துச் சென்றுவிடும். இடத்தைத் தேர்ந்ததும் உடனே இறங்கிவிடாமல், உயரத்தில் நின்று குறைந்தது இருபது நிமிடமாவது அலையைப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும் பாறைக்கு அலை வந்து போயிருக்கிறது என்பதை உணர வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016-இல் தனிச் சட்டம் இயற்றி, அறிவிக்கப்பட்ட பாறைப் பகுதிகளில் உயிர்காப்பு உடையைக் கட்டாயமாக்கியது. சட்டம் இல்லாத இடத்திலும் அந்த உடை இல்லாமல் பாறையில் ஏறக் கூடாது.

படகில் செல்பவர் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். கைப்பேசிச் சமிக்ஞை கடலில் எல்லா இடத்திலும் கிடைக்காது. கடல்சார் வானொலியில் ஆபத்து அழைப்புக்குரியது 16-ஆம் அலைவரிசை. கார்பன் இழைக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், இடி முழங்கினாலோ மேலே மின்கம்பி சென்றாலோ அதை உடனே கீழே கிடத்திவிட வேண்டும். திருக்கையின் வால்முள்ளோ, நஞ்சு முள்ளுள்ள மீனின் துடுப்போ குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மிகாமல், காயத்தை அமிழ்த்தினால் வலி குறையும். மருத்துவரையும் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

வைத்துக்கொண்ட மீனை வீணாக்குவது

உண்பதற்கென்று எடுத்த மீனை மூச்சுத் திணறிச் சாக விடாமல், தலையில் ஒரே அடியில் உணர்விழக்கச் செய்து, செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டியில் வைக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது போகாது, உண்டவருக்கு முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வரும். உடலை ஊதிப் பெருக்கும் பேத்தை மீனின் நஞ்சும் சமையலுக்கு அடங்காதது. அதை விடுவதைத் தவிர வேறு எண்ணமே வேண்டாம். வெப்பமண்டலப் பவளப்பார்களில் வாழும் பெரிய வேட்டை மீன்களில் சேரும் சிகுவாடெரா நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. பாசியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி வரும் அது, மீன் பெரிதாகப் பெரிதாக மிகுதியாகக் காணப்படும். அத்தகைய கடலில் நெடுங்காலம் வாழ்ந்து பருத்த களவாவை ஆழத்துக்கே இறக்கி விடுவதற்கு இதுவும் போதிய காரணம்.